கொங்கு மெஸ் மதியச் சாப்பாடு: ஃபேட்டி லிவர் உள்ளவர் இலையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் மதியம் எந்த மெஸ்ஸில் உட்கார்ந்தாலும் இலையில் வருவது ஏறக்குறைய ஒரே வரிசைதான். ஒரு பொரியல், ஒரு கடைசல், அப்பளம், ஊறுகாய், குவித்த சோறு. அதன்மேல் கோழிக்குழம்பு, ஆட்டுக்கறிக் குழம்பு, மீன்குழம்பு என்று வாளிகள் அடுத்தடுத்து வரும். பிறகு ரசம், மோர். பள்ளிபாளையம் சிக்கன், சிந்தாமணி சிக்கன், குடல், ஈரல், தலைக்கறி, கலக்கி எல்லாம் தனிக்காசு. இந்த விமர்சனம் ஒரு கடையைப் பற்றியது அல்ல, இந்தச் சாப்பாட்டைப் பற்றியது. ருசிக்கு மார்க் போடும் வேலையும் இங்கே இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு), கிரேடு 1’ என்றோ ‘கிரேடு 2’ என்றோ எழுதி வாங்கியவர், வேலைக்காக வாரத்தில் ஐந்து நாள் மெஸ்ஸையே நம்பியிருந்தால் அவருக்கு இந்த இலை எப்படி என்பதே கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். சாப்பாடு மோசமில்லை, பரிமாறும் விகிதம்தான் மோசம். இந்த இலையில் ஈரலுக்கும் இதயத்துக்கும் மிக நல்லவை எவையோ, அவைதான் ஒரு கரண்டி வந்து நின்றுவிடுகின்றன. குறைக்க வேண்டியவை கேட்காமலே மூன்று முறை வருகின்றன.

இதயம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கல்லீரலில் கொழுப்பு என்றதும் எல்லோரும் கல்லீரலுக்கு மட்டும் பயப்படுகிறார்கள். ஆனால் இந்த நோய் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் செயலிழப்பு அல்ல, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தநாள நோய்கள்தான். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. தன்னிடம் மிஞ்சும் கொழுப்பை ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு வடிவமாகக் கட்டி ரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்குகிறது, கெட்ட கொழுப்பான எல்டிஎல் துகள்கள் சிறுத்து, அடர்ந்து, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழைபவையாக மாறுகின்றன. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தொப்பை ஆகியவற்றோடு இது பின்னிக் கிடப்பதால்தான் 2023இல் உலகக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் இந்த நோயின் பெயரையே மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கல்லீரல் கொழுப்பு நோய் என்று வைத்தன.

ஆகவே இலையை இரண்டு முறை பார்க்க வேண்டும். ஈரல் பார்ப்பது சர்க்கரை, மாவுச்சத்து, மொத்தக் கலோரி. இதயம் பார்ப்பது நிறைவுற்ற கொழுப்பு (எல்டிஎல்லை ஏற்றும் வகை), உப்பு, திரும்பத் திரும்பச் சூடேறிய எண்ணெய். ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றொன்று அடிவாங்கும். ‘கொழுப்பு வந்துருச்சு, கறியை விட்டுட்டேன்’ என்று சொல்லிவிட்டு, கறி இருந்த இடத்தில் ரசஞ்சோறும் மோர்ச்சோறும் இன்னொரு குவியல் போட்டுக்கொள்பவர்கள் ஏராளம். அவர்களுடைய ட்ரைகிளிசரைடு இறங்குவதில்லை. காரணம் இருக்கிறது. ஃபேட்டி லிவர் உள்ளவரின் ஈரல் கொழுப்பில் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேரே வருவது சுமார் 15 சதவீதம்தான் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கால் பங்குக்குச் சற்று மேலானதை மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து ஈரலே தயாரிக்கிறது. மீதி, சுமார் 60 சதவீதம், உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்புக் கிடங்கிலிருந்து வடிந்து வருகிறது. அந்தக் கிடங்கு இளைக்க வேண்டுமானால் மொத்தக் கலோரி குறைந்தே ஆக வேண்டும்.

அதனால் முதல் கேள்வி சோறு. வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி, 28 கிராம் மாவுச்சத்து. சாம்பார்க் கிண்ணம் ஒன்று நிறைய எடுத்தால் 150 கிராம், அதாவது 200 கலோரிக்குள். மெஸ்ஸில் முதல் குவியலே 300 கிராமைத் தொடும். ரசத்துக்கும் மோருக்கும் இன்னும் இரண்டு தடவை வாங்கினால் அரைக் கிலோ தாண்டிவிடும். சோற்றில் மட்டும் 650 கலோரி. ஃபேட்டி லிவரோடு உடல் எடையும் கூடுதலாக உள்ளவருக்கு மதியத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிண்ணம் போதும். குழம்புக்குப் பாதி, ரசத்துக்குக் கால், மோருக்குக் கால் என்று இலையிலேயே முதலில் பிரித்து வைத்துக்கொள்வது நல்ல வழி. இரண்டாவது வாளி வரும்போது யோசித்து முடிவெடுப்பது நடக்காத காரியம். ஒரு எச்சரிக்கை: இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிவிட்டுக் குறைக்க வேண்டும்.

இந்த இலையின் உண்மையான நாயகன் கொள்ளு. கொள்ளுப் பருப்பு என்று நம் பக்கம் சொல்லும் கடைசலில், கொள்ளை இரவு ஊறவைத்து, குழைய வேகவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி, வரமிளகாய் வதக்கிச் சேர்த்து ஆட்டுகிறார்கள் அல்லது மத்தால் கடைகிறார்கள். காய்ந்த கொள்ளு 40 கிராம் ஒரு நல்ல கரண்டிக் கடைசலாகும். அதில் 9 கிராம் அளவுக்குப் புரதம், 130 கலோரி, கொழுப்பு மிகக் குறைவு, நார்ச்சத்து தாராளம். மாவுச்சத்தும் 20 கிராமுக்கு மேல் உண்டு. அதனால் இதைச் சோற்றோடு கூடுதலாக வாங்குவதில் பலனில்லை. ஒரு கரண்டி கடைசல் வாங்கினால் அரைக் கிண்ணம் சோறு குறைய வேண்டும். அப்படி மாற்றினால்தான் கணக்கு நேராகும்.

கொள்ளு ரசத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு, தினம் ஒரு டம்ளர் ரசம் குடித்தால் ஈரல் கொழுப்பு கரையும் என்கிறார்கள். ரசம் என்பது கொள்ளு வேகவைத்து வடித்த தண்ணீர். பருப்பின் புரதமும் நாரும் பெரும்பாலும் மண்டியில்தான் நிற்கின்றன. ரசம் குடிப்பதில் கெடுதல் இல்லை, சோற்றுக்கு முன்னால் வெறும் ரசமாகக் குடித்தால் வயிறு சற்று நிறையும், அவ்வளவே. பலன் வேண்டுமானால் கடைசலைச் சாப்பிட வேண்டும். இதே வரிசையில் பாசிப்பயறு கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு, மொச்சை, கீரைக் கடைசல் எல்லாம் முதல் தரம். பரிமாறுபவர் ‘இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களா?’ என்று கேட்கும்போது, ‘சோறு போதுமுங்கண்ணா, அந்தக் கடைசல் இன்னொரு கரண்டி வெய்யுங்க’ என்று சொன்னால் எந்த மெஸ்ஸிலும் முகம் சுளிக்க மாட்டார்கள். சில இடங்களில் அதற்குத் தனியாகக் கொஞ்சம் காசு வாங்குவார்கள். கொடுக்கலாம், இலையில் அதைவிட மதிப்புள்ள பொருள் வேறில்லை. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் கீரையை ஒருநாள் நிறைய, மறுநாள் இல்லை என்று மாற்றாமல் ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும்.

இனி தொடுகறிகள். பள்ளிபாளையம் சிக்கனில் மிளகாயைவிடக் கவனிக்க வேண்டியது தேங்காய்ச் சில்லு. பச்சைத் தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு, அதில் 30 கிராம் நிறைவுற்றது. தட்டில் 30 கிராம் சில்லு கிடந்தால் 9 கிராம் நிறைவுற்ற கொழுப்பு அங்கேயே முடிந்தது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உச்சவரம்பு 22 கிராம். எல்டிஎல் கூடுதலாக உள்ளவருக்கு 15 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறோம். தேங்காயெண்ணெயிலும் வதக்கியிருந்தால் கணக்கு அந்த ஒரு தட்டோடு தீர்ந்துவிடும். சில்லை ஒதுக்கிவிட்டுக் கோழியை மட்டும் எடுத்தால் நல்ல புரதம் கிடைக்கும். சிந்தாமணியில் தேங்காய்த் தொல்லை பொதுவாக இல்லை, நாட்டுக்கோழி, வரமிளகாய், நல்லெண்ணெய்தான். அங்கே பார்க்க வேண்டியது தட்டின் அடியில் நிற்கும் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிக்கு மேல். அடியில் சிவப்பாகத் தேங்கினால் அதில் சோற்றைப் போட்டுத் துடைக்கக் கூடாது. நாட்டுக்கோழியை மஞ்சள் பூசி வாட்டித் தோலோடு வெட்டுவது நம் பழக்கம். கொழுப்பு தோலுக்கடியில்தான் இருக்கிறது, தோலை உரித்து வைத்துவிடலாம்.

ஆட்டுக்கறிக்கு வந்த கெட்ட பெயர் முழுக்க நியாயமில்லை. வெள்ளாட்டின் சதைப்பகுதியில் கொழுப்பு குறைவுதான். கெடுப்பது, கறியோடு வேண்டுமென்றே சேர்க்கும் வெள்ளைக் கொழுப்புத் துண்டுகளும், குழம்பின்மேல் மிதக்கும் எண்ணெயும். வாரத்துக்கு ஒருமுறை, கொழுப்பு ஒதுக்கிய நான்கைந்து துண்டு என்றால் பெரும்பாலோருக்குத் தடையில்லை. உறுப்புக் கறிகள் வேறு விஷயம். ஆட்டு மூளையில் 100 கிராமுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஒரு முட்டையில் 200க்குள்தான். எல்டிஎல் ஏறியவர்களுக்கு மூளை, தலைக்கறி வேண்டவே வேண்டாம். ஈரல் வறுவலிலும் ரத்தப் பொரியலிலும் இரும்புச்சத்து மிக அதிகம். ஃபேட்டி லிவர் உள்ள பலருக்கு ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம், ஏற்கெனவே கூடியிருக்கும். ‘ஈரலுக்கு ஈரல் நல்லது’ என்று வாரம் இரண்டு முறை வாங்குபவர்கள் அந்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

கலக்கிக்கு நல்ல மார்க். ஒரு முட்டை, கொஞ்சம் குழம்பு, மிளகு, கல்லில் அரைவேக்காடு. கேட்டால் எண்ணெய் குறைத்துப் போடுவார்கள். கல்லீரல் சுருங்கிய நிலைக்கு (சிரோசிஸ்) போனவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் மட்டும் அரைவேக்காட்டைத் தவிர்த்து, நன்றாக வெந்த ஆம்லெட் கேட்க வேண்டும்.

மீன் விஷயத்தில் மெனு பலகையை நன்றாகப் பார்க்க வேண்டும். மேட்டூர், பவானிசாகர் அணை மீன்களான கட்லா, ரோகு, ஜிலேபி நல்ல புரதம்தான், ஆனால் ட்ரைகிளிசரைடைக் குறைக்க உதவும் ஒமேகா-3 கொழுப்பு அதிகம் இருப்பது கடல்மீன்களான மத்தியிலும் அயிலையிலும். விலையும் குறைவு. வாரத்துக்கு இரண்டு முறை குழம்பாக வாங்கினால் மிக நல்லது. அதே மத்தியை மசாலா தடவிக் கருக வறுத்தால் நன்மை பாதியாகிவிடும், ஏனென்றால் வறுக்கும் எண்ணெய் என்ன நிலையில் இருக்கிறது என்பது சாப்பிடுபவருக்குத் தெரியாது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கேடான துருவச் சேர்மங்கள் கூடும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மீட்டர் இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். வாணலியில் நுரை அடங்காமல் நிற்கும், எண்ணெய் கறுத்துக் கொழகொழவென்று ஒழுகும், குறைந்த சூட்டிலேயே புகையும், வறுவலைத் தொட்ட விரல் பிசுபிசுக்கும். இவற்றில் இரண்டு தெரிந்தாலும் அன்றைக்குக் குழம்பு மீன் வாங்குவதே சரி.

மரச்செக்கு எண்ணெயில் சமைக்கிறோம் என்று பலகை வைக்கும் மெஸ்கள் கூடிவருகின்றன. வாசமும் புதுமையும் நல்ல விஷயம். ஆனால் செக்கு மாறினால் கொழுப்பின் வகை மாறாது. காங்கேயத்தில் ஆட்டினாலும் வேறெங்கு ஆட்டினாலும் தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். கடலையெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் அதைவிடச் சற்றுக் குறைவு, பாமாயிலில் பாதி. இதயத்துக்காகப் பார்த்தால் கடலையெண்ணெய், நல்லெண்ணெய்ச் சமையல் உள்ள மெஸ்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த எண்ணெயானாலும் கலோரி ஒன்றே.

அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் உப்புக் கிடங்குகள். நாள் முழுக்க 5 கிராம் உப்பு என்பதுதான் எல்லை. ஊறுகாயின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட உப்பாக இருக்கும். மோரை உப்பில்லாமல் கேட்பது எளிது.

சாப்பாட்டை நன்றாகத் தேர்ந்தெடுத்தவர்கள் கோட்டைவிடும் இடம் கல்லாப் பக்கம். பன்னீர் சோடா, கலர், கரும்புச்சாறு, பீடா, ஐஸ்கிரீம், ஒப்பிட்டு. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைப் பெரும்பகுதி ஈரல்தான் எடுத்துக்கொள்கிறது, மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக்குகிறது. நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரு பாட்டில் கலர் 300 மில்லி குடித்தால் பெரும்பாலும் அந்த எல்லை தாண்டிவிடும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில் செய்தது, கருப்பட்டியில் செய்தது என்று சொல்லிக் கொடுத்தாலும் ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது, அவற்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். பொள்ளாச்சி இளநீர் ஒன்று பரவாயில்லை, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியத்தை ஏற்றும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுக் குடிக்க வேண்டும். சர்க்கரை போடாத காபி தாராளமாகக் குடிக்கலாம். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மதுவுக்கு இங்கே பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல மாட்டோம். ஈரலில் கொழுப்பு இருக்கும்போது மது முழுதாக நிற்க வேண்டும்.

கல்லாவில் அடுக்கி வைத்திருக்கும் ‘லிவர் சுத்தம்’ பொடிகளையும் மஞ்சள் மாத்திரைகளையும் தொட வேண்டாம். ஈரோட்டு மஞ்சள் குழம்பில் போடும் அளவில் நல்லதே. ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமினைச் செறிவாக்கி, மிளகுச் சத்தும் சேர்த்த மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஈரலைக் காக்க வாங்கிய மாத்திரையாலேயே மஞ்சள் காமாலை வந்து படுக்கும் நிலை யாருக்கும் வர வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறாக, கொலஸ்ட்ராலுக்கு மருத்துவர் எழுதிய ஸ்டேட்டின் மாத்திரையை ‘ஈரல் கெட்டுவிடும்’ என்று பலர் தாங்களே நிறுத்துகிறார்கள். சாதாரண ஃபேட்டி லிவரில் ஸ்டேட்டின் பாதுகாப்பானது, இதயத்தைக் காப்பதும் அதுதான்.

மெஸ் வாசலிலேயே கம்பங்கூழ் வண்டி நின்றால் அது நல்ல மாற்று. கம்பிலும் ராகியிலும் 100 கிராமுக்கு 11 கிராம் அளவுக்கு நார்ச்சத்து, தீட்டிய அரிசியில் மூன்றுக்குள். ஆனால் கூழ் பானமாக இறங்குவதால் இரண்டாவது சொம்பு தெரியாமலே போய்விடும். ஒரு சொம்பு, கூடவே சுண்டல். மோர்மிளகாயும் வடகமும் வேண்டாம்.

சாயங்கால பேக்கரிக்குத் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி வந்தபின் நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் பஃப்ஸின் அடுக்கடுக்கான மாவுக்கு இறுகிய கொழுப்பு இல்லாமல் முடியாது. மைதா, இறுகிய கொழுப்பு, சர்க்கரை போட்ட டீ மூன்றும் சேர்ந்தால் மதியம் காத்த கலோரி ஐந்து மணிக்குப் போய்விடும். சுண்டலோ, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையோ போதும்.

இப்படி மாற்றிச் சாப்பிட்டால் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ போல எடை இறங்கும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும், தழும்பும் பலருக்குக் குறையும். 80 கிலோ உள்ளவருக்கு அது 5.6 முதல் 8 கிலோ. ஒல்லியானவருக்கும் ஃபேட்டி லிவர் வருகிறது, அவர்களுக்கு 3 முதல் 5 சதவீதமே பலன் தரும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறக்கினால் பித்தப்பைக் கல் வர வாய்ப்புண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடுப்புச் சுற்றை அளக்கலாம், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நம் மக்களுக்கான எல்லை. ஸ்கேனின் கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் ஈரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை நான்கையும் வைத்து, தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்கு போட்டுத்தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். 65 வயதுக்குள் உள்ளவருக்கு 1.3க்குக் கீழ் இருந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு இந்த விமர்சனம் பொருந்தாது. அவர்களுக்குப் புரதமும் இரவுச் சிற்றுணவும் கட்டாயம், சாப்பாட்டு முறையே வேறு.

பார்சல் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பார்சல் சோறு பெரும்பாலும் இருவருக்குப் போதுமானது, வீட்டில் பிரித்ததுமே பாதியை எடுத்து மூடி வைத்துவிடலாம். கறிக்குழம்பை வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால், சில மணி நேரத்தில் ஆட்டுக் கொழுப்பும் தேங்காய்க் கொழுப்பும் மேலே வெள்ளையாக உறைந்து ஆடைகட்டி நிற்கும். கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, அடியில் உள்ளதை நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம். கடலையெண்ணெய் அப்படி உறையாது, அதைக் கரண்டி முதுகால் அழுத்தி ஓரமாகச் சாய்த்துத்தான் எடுக்க வேண்டும்.